ரயில் ஏன் உடனே நிற்பதில்லை?

தண்டவாளத்தைக் கடந்த யானை ரயிலில் அடிபட்டது என்று செய்தி வரும்போதெல்லாம், "ஓட்டுநர் பிரேக் போட்டிருக்கக் கூடாதா?" என்று யாராவது கேட்பார்கள். பெரும்பாலும் போட்டிருப்பார். பிரேக்கும் ஒழுங்காகப் பிடித்திருக்கும், ரயிலின் வேகமும் குறைந்துகொண்டேதான் வந்திருக்கும். ஆனாலும் மோதியிருக்கும். யாருடைய கவனக்குறைவும் இல்லாமலே இப்படி நடக்கலாம். எப்படி என்று புரிந்துகொள்ள ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் போதும்.

மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் எக்ஸ்பிரஸ் ரயில் வருகிறது. 3.6 ஆல் வகுத்தால் வினாடிக்குச் சுமார் 30.6 மீட்டர். லோகோ பைலட் அவசர பிரேக்கைப் போடுகிறார். ஒவ்வொரு வினாடியும் ரயிலின் வேகம் வினாடிக்கு அரை மீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வினாடியின் முடிவில் 30.1, அடுத்ததில் 29.6 என்று இறங்கிக்கொண்டே போகும். இப்படி வேகம் மாறும் வீதத்துக்கு முடுக்கம் என்று பெயர். குறையும் திசையில் இருந்தால் எதிர்முடுக்கம். இங்கே அதன் அளவு 0.5 மீ/வி². இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண். பெட்டியின் வகை, பாதையின் சரிவு, பிரேக்கின் நிலை ஆகியவற்றைப் பொறுத்துக் கூடும், குறையும். இதை வைத்துக் கொண்டு மேலே போகலாம்.

30.6-ஐ 0.5 ஆல் வகுத்தால் நிற்பதற்கு 61 வினாடி. இந்த 61 வினாடியில் சராசரி வேகம், தொடக்க வேகத்தில் பாதி, அதாவது 15.3. இரண்டையும் பெருக்கினால் 933 மீட்டர். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்.

இந்த ஒரு கிலோமீட்டர் எப்படிச் செலவாகிறது என்பதைத்தான் பலர் யோசித்துப் பார்ப்பதில்லை. பிரேக் போட்ட முதல் 10 வினாடியில் ரயில் 280 மீட்டர் ஓடிவிடுகிறது. கடைசி 10 வினாடியில் அது நகர்வது வெறும் 25 மீட்டர். பிரேக்கின் பலம் இரண்டு இடத்திலும் ஒன்றேதான்; ஒவ்வொரு வினாடியும் குறைகிற வேகமும் ஒன்றேதான். ஆனால் தொடக்கத்தில் ரயில் வேகமாக இருப்பதால், அந்த ஒரு வினாடிக்குள் அதிக தூரத்தைக் கடந்துவிடுகிறது. அதனால் நிற்கத் தேவையான தூரத்தில் சரிபாதி முடிந்த பிறகும் வேகமானி 55-ஐக் காட்டாது, 78-ஐக் காட்டும். 55-க்கு வருவது முக்கால் பங்கு தூரம் தீர்ந்த பிறகுதான்.

இப்போது யானைக்கு வருவோம். 300 மீட்டருக்கு முன்னால் அது பாதையில் நிற்பதைப் பார்த்து, அந்தக் கணமே பிரேக் முழுவதுமாகப் பிடித்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், யானை நிற்கும் இடத்தை அடையும்போது ரயிலின் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். 110-இலிருந்து 90. இதைப் பார்த்தவர்கள் 'ரயில் வேகத்தைக் குறைக்கவே இல்லை' என்று சொன்னால் அவர்களையும் குறை சொல்ல முடியாது.

இந்தக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே சூத்திரம்தான் இருக்கிறது. நிற்கும் தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × எதிர்முடுக்கம்). இதில் 'வர்க்கம்' என்பதுதான் ஆளை ஏமாற்றும் இடம். வேகம் இரட்டிப்பானால் நிற்கும் தூரமும் இரட்டிப்பாகும் என்று மனம் எதிர்பார்க்கிறது. நடப்பதோ நான்கு மடங்கு. 110-க்கு 933 மீட்டர் என்றால் 55-க்கு 233 மீட்டர் போதும். சாலையிலும் இதே விதிதான். ஒரே மாதிரி பிரேக் உள்ள இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. ஒன்று 60-இல், மற்றொன்று 80-இல். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே நொடியில் பிரேக் பிடிக்கின்றன. 60-இல் வந்த கார் ஓரிடத்தில் முழுதாக நின்றுவிடுகிறது. அதே இடத்தைத் தாண்டும்போது மற்றக் காரின் வேகம் என்ன? 20 என்று சொல்லத் தோன்றும். விடை 53. வேகத்தை வர்க்கமாக்கிக் கழித்து வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள்: 6400-இலிருந்து 3600 போக 2800, அதன் மூலம் 53-க்குச் சற்றுக் கீழே. ஓட்டுநர் உரிமத் தேர்வில் எட்டுப் போடச் சொல்வதற்குப் பதிலாக இந்த ஒரு கணக்கைப் போடச் சொல்லலாம் என்பது என் கட்சி.

வர்க்கம் எங்கிருந்து வந்தது? ஆற்றலிலிருந்து. ஓடும் பொருளின் இயக்க ஆற்றல், நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கியது. பெட்டிகளும் என்ஜினும் பயணிகளும் சேர்ந்து 1,200 டன் என்று கொள்வோம். 110 கி.மீ. வேகத்தில் அந்த ரயிலிடம் உள்ள ஆற்றல் ஏறக்குறைய 560 மெகாஜூல். மின்கட்டணக் கணக்கில் சொன்னால் 155 யூனிட். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரப்படும் 100 யூனிட்டைவிட ஒன்றரை மடங்கு. அவ்வளவையும் ஒரே நிமிடத்தில் ரயிலிடமிருந்து பிடுங்கியாக வேண்டும். ஆற்றலை அழிக்க முடியாது. வேறெங்காவது அனுப்பத்தான் முடியும். நிறுத்துவது என்றால் இதுதான்.

ஒரு நிமிடத்தில் 560 மெகாஜூல் என்றால் சராசரியாக 9 மெகாவாட் திறன். அதே ரயிலை இழுக்கும் 6,000 குதிரைத்திறன் மின்சார என்ஜினால் தர முடிவது 4.5 மெகாவாட் அளவுதான். ஆக, ஓட்டுவதற்கு இருப்பதைவிட இரண்டு மடங்கு பெரிய இயந்திரம் நிறுத்துவதற்கு இருக்கிறது. அது ஓரிடத்தில் இல்லை, எல்லாப் பெட்டிகளின் எல்லாச் சக்கரங்களிலும் பரவிக் கிடக்கிறது. இழுப்பதோ முன்னால் இருக்கும் என்ஜினின் சக்கரங்கள் மட்டுமே. நிலையத்தை விட்டுப் புறப்படும் ரயில் வேகம் எடுக்க வெகுநேரம் ஆவதும், அதைவிடக் குறைந்த நேரத்தில் நிற்க முடிவதும் இதனால்தான். காற்றுத்தடை, உராய்வு எதுவுமே இல்லை என்று வைத்தாலும் அந்த 4.5 மெகாவாட் என்ஜின் 110-ஐ எட்ட இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். நடைமுறையில் இன்னும் அதிகம். வந்தே பாரத் சட்டென்று வேகம் எடுப்பதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. அதில் தனி என்ஜின் கிடையாது. பாதிப் பெட்டிகளின் அடியில் மோட்டார்கள் உள்ளன. இழுக்கும் சக்கரங்கள் அதிகம்.

சரி, ஆற்றல் எங்கே போகிறது? பெரும்பாலும் வெப்பமாக. சென்னை பெரம்பூரில் 1955-இல் தொடங்கிய ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பழைய நீலப் பெட்டிகளில் பிரேக் கட்டைகள் சக்கரத்தின் ஓடும் விளிம்பையே நேராக அழுத்தும். மலை இறங்கி வந்த ரயிலின் அருகே நின்றால் கருகல் வாடை அடிப்பது அந்தக் கட்டைகளிலிருந்துதான். இப்போது பரவலாகிவிட்ட எல்.எச்.பி. பெட்டிகளில் அச்சுக்கு இரண்டு வட்டத்தட்டுகள் தனியாக இருக்கின்றன. பிரேக் அவற்றைக் கவ்வும், சக்கரம் சூடாவதில்லை. டீசல் என்ஜின்களில் இன்னொரு வழி உண்டு: ஓட்டும் மோட்டாரையே ஜெனரேட்டராக மாற்றி, வரும் மின்சாரத்தைக் கம்பிச் சுருள்களில் ஓடவிட்டுச் சூடாக்கி, மின்விசிறி வைத்து ஊதித் தள்ளிவிடுவது. சூடாக்கி வீணடிப்பதைவிட, அந்த மின்சாரத்தை மேலே உள்ள கம்பிக்கே திருப்பி அனுப்புவது நல்லதல்லவா? டபிள்யூ.ஏ.பி.-7 போன்ற மின்சார என்ஜின்களும் சென்னை மெட்ரோவும் அதைத்தான் செய்கின்றன. ஒரு மெட்ரோ நிற்கும்போது கிடைக்கும் மின்சாரத்தில் எதிரே புறப்படும் மெட்ரோ ஓடலாம். லண்டன் சுரங்க ரயிலின் விக்டோரியா பாதையைக் கட்டியவர்கள் மின்னணுவியல் எதுவும் இல்லாமலே இதைச் சாதித்தார்கள்: நிலையங்களைச் சற்று மேட்டில் வைத்தார்கள். நிலையத்துக்குள் வரும்போது ரயில் மேடேறுவதால் தானே வேகம் குறையும். புறப்படும்போது இறக்கம் உதவும். வேகம் உயரமாக மாறி, உயரம் மீண்டும் வேகமாகிறது. எனக்கு இதுவே எல்லாவற்றையும்விடப் பிடித்த பிரேக்.

இங்கே ஒரு பரவலான தவறான எண்ணத்தை உடைத்தாக வேண்டும். 'ரயில் அவ்வளவு கனம், அதனால்தான் நிற்பதில்லை' என்பார்கள். கனம் குற்றவாளி அல்ல. கனம் கூடினால் நிறுத்த வேண்டிய ஆற்றல் கூடுகிறது என்பது உண்மை. ஆனால் அதே கனம் சக்கரத்தைத் தண்டவாளத்தின்மேல் அதிகமாக அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் உராய்வும் அதே அளவு கூடுகிறது. கணக்கில் நிறை மேலும் கீழுமாக வந்து அடிபட்டுப் போய்விடும். எஞ்சுவது உராய்வுக் குணகமும் (இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு பற்றிக்கொள்ளும் என்பதைச் சொல்லும் எண்) புவியீர்ப்பு முடுக்கமும் மட்டுமே. உலர்ந்த தார்ச் சாலையில் ரப்பர் டயருக்கு உராய்வுக் குணகம் 0.7 அளவில் இருக்கும். எதிர்முடுக்கம் 7 மீ/வி² வரை போகலாம். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும்போது இது பல மடங்கு குறைவு. மழைத் தூறலும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் 0.1-க்கும் கீழே இறங்கிவிடும். 0.1 என்றால் அதிகபட்ச எதிர்முடுக்கமே 1 மீ/வி². எந்தப் பொறியாளரும் அந்த விளிம்பு வரை போகத் துணிய மாட்டார்.

விளிம்பைத் தாண்டினால் என்ன ஆகும்? பிரேக் வென்றுவிடும், சக்கரம் சுழல்வது நின்றுவிடும், ரயில் மட்டும் வழுக்கிக்கொண்டு ஓடும். நிற்கும் தூரம் குறைவதற்குப் பதில் கூடும். போதாக்குறைக்கு, ஒரே இடம் தேய்வதால் சக்கரத்தில் தட்டையான பகுதி விழுந்துவிடும். சில பெட்டிகளுக்கு அடியிலிருந்து 'டக் டக் டக்' என்று சீரான சத்தம் வருவதைக் கேட்டிருப்பீர்கள். அப்படித் தேய்ந்த சக்கரமாக இருக்கலாம். எல்.எச்.பி. பெட்டிகளில் சக்கரம் வழுக்கத் தொடங்கியதைக் கண்டறிந்து அந்த அச்சின் பிரேக்கைக் கணநேரம் தளர்த்தும் கருவி இருக்கிறது. கார்களில் உள்ள ஏ.பி.எஸ். செய்யும் வேலைதான். என்ஜினில் மணல் பெட்டி ஒன்றும் உண்டு. சக்கரம் வழுக்கும்போது குழாய் வழியாகத் தண்டவாளத்தில் மணல் தூவப்படும். இத்தனை நவீனக் கருவிகளுக்கு நடுவே மணல் இன்னும் வேலையில் இருப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். அதைவிட மலிவாக உராய்வு வேறெங்கும் கிடைப்பதில்லை.

இவ்வளவு வழுக்கும் எஃகை எதற்காகக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றால், அந்த வழுக்கல்தான் ரயிலின் செல்வமே. உருள்வதற்கு எதிர்ப்பு மிகக் குறைவு என்பதால்தான் ஒற்றை என்ஜின் 24 பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. எளிதில் ஓடுவதும் எளிதில் நிற்காததும் ஒரே குணத்தின் இரண்டு பலன்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை மட்டும் கழற்றிவிட முடியாது.

கனம் முழுவதுமாகத் தப்பித்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சரக்கு வேகன் காலியாக இருக்கும்போது சக்கரம் வழுக்காத அளவுக்கு பிரேக்கின் பலத்தை வைத்தால், அதே வேகன் நிலக்கரி நிரம்பி வரும்போது அந்தப் பலம் போதாது. அதனால்தான் நிலக்கரி வேகன்களில் 'காலி', 'பாரம்' என இரண்டு நிலை மாற்றி வைத்திருக்கிறார்கள். இங்கும் சிக்கல் கனத்தால் அல்ல, கனம் மாறுவதால்.

பிரேக்கை இயக்குவது காற்று. ரயிலின் நீளம் முழுக்க ஒரு குழாய் ஓடுகிறது. அதில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று நிரம்பியிருக்கும். அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகி இருக்கும். அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள கலத்திலிருந்து காற்று பாய்ந்து பிரேக் பிடித்துவிடும். அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் காப்புரிமை பெற்ற முதல் காற்று பிரேக் இதற்கு நேர் எதிர்: காற்றை அனுப்பினால்தான் பிடிக்கும். குழாய் உடைந்தால் பிரேக்கே இல்லை. சில ஆண்டுகளில், 1872-இல், அதைத் தலைகீழாக்கினார். அதன் பிறகு குழாய் உடைந்தாலும், பெட்டி கழன்றாலும், ரயில் நிற்கும். அபாயச் சங்கிலியை இழுத்தால் நடப்பதும் இதுதான். சங்கிலி எந்தக் கட்டையையும் இழுப்பதில்லை, குழாயிலிருந்து காற்றைத் திறந்துவிடுகிறது.

ஆனால் 'அழுத்தம் குறைந்துவிட்டது' என்ற சேதி குழாய்க்குள் ஒலியின் வேகத்தை மீறிப் பயணிக்க முடியாது. அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளும் சரக்கு ரயிலில் கடைசி வேகனுக்குச் சேதி போய்ச் சேரவே சில வினாடிகள் ஆகும். அதற்குள் முன் வேகன்கள் பலமாகப் பிடித்துவிட்டால் பின் வேகன்கள் வந்து இடிக்கும். அதைத் தவிர்க்கச் சரக்கு ரயிலில் பிரேக்கின் பலம் வேண்டுமென்றே மெதுவாக ஏறும்படி அமைத்திருக்கிறார்கள். சென்னைப் புறநகர் மின்சார ரயில்களில் சேதியை மின்கம்பி கொண்டு செல்வதால் எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் பிடிக்கும். இரண்டு, மூன்று நிமிடத்துக்கு ஒரு நிலையத்தில் நின்று எழும் வண்டிக்கு அது இல்லாமல் முடியாது.

அந்த மின்சார ரயிலில் நின்றுகொண்டு பயணம் செய்பவர்களுக்கு இன்னொரு பாடமும் இலவசமாகக் கிடைக்கும். பிரேக் பிடிக்கும்போது உடல் முன்னே சாய்வதை நிலைமம் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் ரயில் முழுதாக நிற்கும் அந்தக் கணத்தில் ஏன் பின்னால் வெட்டி இழுக்கிறது? பிரேக் பிடித்திருந்த நேரமெல்லாம் நீங்கள் முன்னே விழாமல் இருக்கப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு நிற்கிறீர்கள். ரயில் நின்ற அடுத்த கணம் எதிர்முடுக்கம் சுழியமாகிவிடுகிறது. உங்கள் தசைகளுக்கு அது தெரிய ஒரு கணம் ஆகிறது. எதிர்ப்பே இல்லாத இடத்தில் தள்ளிப் பின்னால் சாய்கிறீர்கள். நம்மைத் தடுமாற வைப்பது வேகம் அல்ல, முடுக்கம்கூட அல்ல, முடுக்கம் திடீரென்று மாறுவதுதான். கைதேர்ந்த லோகோ பைலட் நிற்பதற்குச் சற்று முன்பே பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்திவிடுவார். தம்ளரில் உள்ள தேநீர்கூட அசையாமல் ரயில் நிற்கும்.

பிரேக் போட்டால் வேகம் குறைந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போகும் மலை ரயிலில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, ஏறக்குறைய 12.5 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரம் என்ற சரிவு. ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 80 மீட்டர் உயரம் இழக்கிறது. தடையே இல்லாமல் விட்டால் அந்த ஒரு கிலோமீட்டரின் முடிவில் மணிக்கு 140 கிலோமீட்டரைத் தொட்டிருக்கும். அது இறங்குவதோ மிதிவண்டி வேகத்தில். இறங்கும் நேரம் முழுக்க பிரேக் வேலை செய்துகொண்டே இருக்கிறது. வேகம் மட்டும் மாறுவதில்லை. உயரம் இழப்பதால் வரும் ஆற்றலை அவ்வப்போதே வெப்பமாக்கிக் கழிப்பதுதான் அங்கே அதன் வேலை. பெட்டிக்கு ஒருவராக பிரேக்ஸ்மேன் நின்று கைப்பிடியைச் சுழற்றுவதைப் பார்க்கலாம். எஃகின் வழுக்கலை நம்ப முடியாத சரிவு என்பதால், தண்டவாளங்களுக்கு நடுவே பல் சட்டமும் என்ஜினில் பல் சக்கரமும் வைத்திருக்கிறார்கள்.

இந்த நிற்கும் தூரத்தை வைத்துத்தான் சிக்னல்களையே நட்டிருக்கிறார்கள். சிவப்பு விளக்கைப் பார்த்த பிறகு நிறுத்த முடியாது என்பதால், அதற்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே மஞ்சள் விளக்கு எச்சரிக்கிறது. வேகம் மிகுந்த பாதைகளில் அதற்கும் ஒரு கிலோமீட்டர் முன்னால் இரட்டை மஞ்சள். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்கும் கட்டாயம் கார் ஓட்டுபவருக்கு உண்டு. ரயில் ஓட்டுபவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. அவர் காணாத ஒன்றுக்காக, யாரோ முன்கூட்டிச் சொன்னதை நம்பி பிரேக் போடுகிறார்.

யானை அப்படிச் சொல்லிவிட்டு வருவதில்லை. கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் பாதையில் மதுக்கரை, எட்டிமடை, வாளையாறு வழியாக யானைகள் காலங்காலமாகக் கடக்கின்றன. அதனால் மதுக்கரையில் கோபுரங்களில் கேமராக்களைப் பொருத்தி, யானை பாதையை நெருங்குவதைச் செயற்கை நுண்ணறிவு கண்டறிந்து ரயில்வேக்குத் தகவல் தரும் ஏற்பாட்டை 2024-இல் தொடங்கினார்கள். மஞ்சள் விளக்கின் வேலையைத்தான் அது செய்கிறது. இரவில் வேகக் கட்டுப்பாடும் உண்டு. 45 கிலோமீட்டர் என்று வைத்து நம் சூத்திரத்தில் போட்டால் நிற்கும் தூரம் 156 மீட்டர். பார்த்துச் சுதாரிக்க மூன்று வினாடி சேர்த்தாலும் 200-ஐத் தாண்டாது. 110-இல் அதே மூன்று வினாடிக்கே 92 மீட்டர் போய்விடும், பிறகு 933. அங்கே ரயில் ஊர்ந்து போகிறது என்று பயணிகள் சலித்துக்கொள்வதுண்டு. ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு 110-க்குப் பதில் 45-இல் போனால் கூடுதலாக ஆவது நான்கு நிமிடம். வேகம் குறைக்கவும் மீண்டும் எடுக்கவும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால் ஐந்தாறு நிமிடம்.